மதிப்பெண் இல்லாத மூன்று கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனம் எப்படிக் கற்கிறது, எப்படி நினைவில் வைக்கிறது என்று ஆராயும் கற்றல் அறிவியல் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்கள் நிறையவே கேட்கிறார்கள். வகுப்பறைக்குள் வந்ததும் பழையபடி ‘இன்னொரு தடவை வாசியுங்கள்’தான்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு கட்டுரையைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42தான். தேர்வுக்கு முந்தைய இரவுப் படிப்பு ஏன் பலிப்பதுபோலத் தோன்றுகிறது என்பதும் இதிலேயே புரிகிறது.

இப்படிப் பார்க்காமல் நினைவுகூர்வதை வகுப்பிலேயே பழக்கலாம். வகுப்பு தொடங்கும்போது புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஒரு துண்டுத் தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லலாம். ஒன்று நேற்றைய பாடம், ஒன்று போன வாரம், இன்னொன்று போன மாதம். அப்புறம் சரியான விடையைச் சொன்னால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். மதிப்பெண் மட்டும் வேண்டாம். போட்டால் அதுவும் ஒரு பரீட்சையாகிவிடும், பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பதும் தொடங்கிவிடும். கணக்குப் பாடத்திலும் ஒரே வகையில் பத்து கணக்கு கொடுப்பதைவிடக் கலந்து கொடுப்பது மேல். எந்த வழியில் போடுவது என்று யோசிப்பதும் பயிற்சிதானே.

சரி, இதற்கெல்லாம் நேரம்? ‘பாடத்தை முடி’ என்று துரத்தப்படும் ஆசிரியர் போன மாதப் பாடத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார். பாடத்திட்டம் வகுப்பவர்கள் இரண்டு பாடங்களைக் குறைக்கத் தயாரா?

– ஒரு வாசகர்