எங்க வீட்டுக்கு மேல லோடு தூக்கறதுக்கு முன்னாடி, விழுந்தா யார் பொறுப்புன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க

கட்டட அனுமதி கொடுக்கற அதிகாரிகளுக்கும், கட்டுமான வேலையில பாதுகாப்பைப் பார்த்துக்கற தமிழ்நாடு அரசு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மேற்கு மாம்பலத்துல பழைய தனி வீடுகளை இடிச்சு கீழ கார் நிறுத்தற ஸ்டில்ட்டும் மேல அஞ்சு மாடியுமா ஃபிளாட் கட்டறது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 20 அடி தெரு, ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடு, அதுக்குள்ள லாரி, கிரேன், ரெடிமிக்ஸ் வண்டி எல்லாம் வரணும். கட்ட வேண்டாம்னு நாங்க சொல்லல, எல்லாருக்கும் வீடு வேணும். எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். எங்க தெருவுல மனை கடைசில இருக்கு, கிரேன் அவ்வளவு தூரம் உள்ள போக முடியாதுன்னு முக்குலயே நிறுத்திட்டு, பூமை, அதாவது கிரேனோட நீளக் கையை, நீட்டி நாலு வீட்டு மொட்டை மாடிக்கு மேலேயே கம்பி, ஷட்டரிங் தகடு, ஜல்லி மூட்டைன்னு எல்லாத்தையும் கொண்டு போறாங்க. இதுக்கு யார் அனுமதி கொடுத்தது? ஏதாவது விழுந்தா யார் பொறுப்பு?

போன வாரம் நடந்ததைச் சொல்றேன். முறுக்குக் கம்பி ஒரு கட்டு, நடுவுல ஒரே ஒரு பெல்ட். ரெண்டு இடத்துல கட்டித் தூக்கணும், முனையில கயிறு கட்டி கீழேர்ந்து ஒருத்தர் பிடிச்சுக்கணும், இது அந்த வேலை செய்யற எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான். எதுவுமே இல்லை. எங்க மாடிக்கு நேரா வந்தப்போ காத்து அடிச்சு கட்டு திரும்பி, ஒரு முனை கீழ சாஞ்சு, கைப்பிடிச் சுவர்ல மோதுச்சு. சுவர்ல பாதி பின்பக்கம் துவைக்கிற கல்லு மேல விழுந்தது, தண்ணி டேங்க் உடைஞ்சு மாடிப்படி வழியா கூடத்துக்குள்ள தண்ணி. அந்தக் கல்லுக்குப் பக்கத்துல உக்காந்துதான் எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா பாத்திரம் தேய்ப்பாங்க. அன்னைக்கு அவங்க லீவு. அதனால இந்த லெட்டர் நஷ்டக் கணக்கோட முடியுது.

அப்புறம் ஆரம்பிச்சது அலைச்சல். பில்டரைக் கேட்டா கான்ட்ராக்டர்கிட்ட பேசுங்கறார். கான்ட்ராக்டர், கிரேன் வாடகைக்கு எடுத்தது சார், கிரேன் ஓனர்தான்கறார். ஓனர் போன்ல, என் வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே, லோடு கட்டினது உங்க சைட் ஆளுங்கதானேங்கறார். கட்டின ஆளு ஒடிசாலேர்ந்து வந்த சின்னப் பையன், சூப்பர்வைசர் சொன்னார் கட்டினேன்னு கையைக் கட்டிட்டு நிக்கறான். அவனை எதுவும் சொல்ல எனக்கு மனசு வரல. கம்ப்ளெயின்ட் எழுதப் போன இடத்துல, யாருக்கும் அடிபடலையே சார், பேசி முடிச்சுக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. டேங்க் காசு தரேன், சுவரை நாங்களே கட்டித் தரோம், பேப்பர்ல எதுவும் வேண்டாம்னு பில்டர் ஆள் வந்து நின்னார். அந்தப் பேப்பர்தான் எங்களுக்கு வேணும். கொக்கி மேல போறதுக்கு முன்னாடி, விழுந்தா பொறுப்பு இன்னார்னு எழுத்துல இருக்கணும்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்களை நிஜமா வாட்டறது வேற. எங்க அம்மாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோச்சு. யூரின் பேக் போட்டிருக்கு. பெரிய லோடு வர்ற அன்னைக்கு சைட்லேர்ந்து ஒருத்தர் கேட்டைத் தட்டி, பத்து நிமிஷம் எல்லாரும் வெளிய வந்துடுங்க, சேஃப்டிக்குன்னு சொல்றார். சேஃப்டிங்கற வார்த்தை அப்போதான் ஞாபகம் வருது. நானும் என் தம்பியும் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சு, ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பின்னாடி பிடிச்சு, யூரின் பேக்கை அவங்க மடியில வெக்கக் கூடாது, கீழயே தொங்கணும்னு நர்ஸ் சொன்னதால என் பொண்ணு அதைக் கையில பிடிச்சுட்டு கூடவே வரா, இப்படி மூணு படி இறங்கி தெருமுனை டிபன் கடை வாசல்ல கொண்டு போய் வெக்கறோம். பத்து நிமிஷம்னு சொன்னது சில நாள் ஒரு மணி நேரம் ஆகும், பெல்ட் சரியில்லை, சிக்னல் காட்டற ஆள் டீ குடிக்கப் போயிட்டார், கரண்ட் வயர் குறுக்க இருக்குன்னு ஏதாவது ஒரு காரணம். அம்மாவுக்குப் பேச்சு குழறும், ஆனா எல்லாம் புரியும். தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாம் பார்க்க, புடவையைச் சரி பண்ண ஒரு கைதான் இருக்குன்னு தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருப்பாங்க. ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க அவங்க. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு அவங்கதான் அ, ஆ சொல்லிக் கொடுத்தாங்க.

வீட்டை விட்டு எங்களை வெளிய அனுப்பற அளவுக்கு ஆபத்துன்னா, அந்த லோடு எங்க வீட்டுக்கு மேல போகலாமா? ஆபத்து இல்லைன்னா எங்க அம்மாவை எதுக்கு தெருவுல உக்கார வெக்கறீங்க?

நான் பார்க்கறது அக்கவுண்ட்ஸ் வேலை, ஆனா இது நடந்த பிறகு உக்காந்து கொஞ்சம் படிச்சேன், விஷயம் தெரிஞ்சவங்களைக் கேட்டேன். 14 டன் ஹைட்ரான்னு (அது ஒரு வகை கிரேன் வண்டி) வண்டியில எழுதியிருந்தா அது எப்பவும் 14 டன் தூக்கும்னு அர்த்தம் இல்லையாம். பூமைக் கிட்ட வெச்சா மட்டும்தான் அந்தக் கணக்கு. நீட்ட நீட்ட எடை குறைஞ்சுட்டே போய், முழுசா நீட்டினா ரெண்டு டன்னுக்கே வண்டி முன்னாடி கவிழப் பார்க்கும். அதைச் சொல்ற லோடு சார்ட் கேபின்ல ஒட்டியிருக்கணும். எங்க தெருவுக்கு வந்த வண்டியில அந்த இடத்துல சாமி படம் இருந்தது, சார்ட் இல்லை. இன்னொரு நாள் கால் ஊனற கிரேன் ஒண்ணு வந்தது, அது ஒரு காலை எங்க ஊணுச்சு தெரியுமா, புதுசா போட்ட மழைநீர் வடிகால் சிலாபு மேல. அந்தக் காலுக்கு வர்ற பாரத்தை அந்த சிலாபு தாங்குமான்னு யாரும் கேட்கல. நாங்க கேட்டதுக்கு, பலகை போட்டிருக்கோம் சார்னு பதில்.

சட்டம் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. தூக்கற எந்திரத்தை வருஷம் ஒரு தடவை தகுதியானவர் முழுசா சோதிக்கணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது லோடு வெச்சு டெஸ்ட் பண்ணணும்னு கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகள்லயே இருந்தது. இப்போ அந்த விதிகளுக்கு அடிப்படையா இருந்த 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துட்டு, தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21-லேர்ந்து அமல்னு சொல்லிட்டாங்க. எந்திரத்தை அஜாக்கிரதையா இயக்கினா, கட்டறதுல இடிக்கறதுல அஜாக்கிரதையா இருந்தா, பாரதிய நியாய சன்ஹிதாங்கற குற்றவியல் சட்டத்துல 289, 290-ன்னு பிரிவே இருக்கு. ஆனா பாதுகாப்பு விதிகள்ல பெரும்பகுதி உள்ள வேலை செய்யறவங்களை மனசுல வெச்சு எழுதினது, அது வேணும்தான், அவங்க உயிரும் உயிர்தான். பக்கத்து வீட்ல படுத்திருக்கறவங்களுக்கு எந்த விதி, எந்த ஃபார்ம்? பிளான் அப்ரூவலுக்கு மழைநீர் சேகரிப்பு எங்கன்னு வரைபடம் கேட்கறீங்க, கார் பார்க்கிங் எத்தனைன்னு கேட்கறீங்க, பக்கத்துல எத்தனை அடி விட்டிருக்கீங்கன்னு டேப் வெச்சு அளக்கறீங்க. அஞ்சாவது மாடிக்கு கம்பி எந்த வழியா போகும்னு ஒரு வரி கேட்க மாட்டேங்கறீங்க.

இன்சூரன்ஸ் விஷயம் அதைவிட மோசம். கிரேன் ஓனர் ஒரு மோட்டார் பாலிசியைக் காட்டினார். தெரிஞ்ச ஏஜென்ட்கிட்ட காட்டினா, கிரேனைக் கருவியா வெச்சு வேலை பார்க்கறப்போ வர்ற சேதத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம்னு சொன்ன அளவைத் தாண்டி கம்பெனிக்குப் பொறுப்பு இல்லைன்னு அதுலயே ஒரு ஷரத்து இருக்குன்னு காட்டினார். அக்கம்பக்கத்து வீட்டுக்கும் ஆளுக்கும் சேர்த்து கவர் பண்றதுக்கு கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்னு தனியா பாலிசி இருக்காம், மூணாம் நபர் பகுதியையும் சேர்த்து எடுக்கணுமாம். எடுத்திருக்காங்களான்னு பில்டர் ஆபீஸ்ல கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

நெதர்லாந்துல ஆல்ஃபன்னு ஒரு ஊர். 2015 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஒரு பாலத்தோட பகுதியைத் தூக்க ஆத்துல மிதவை மேல ரெண்டு கிரேன் நிறுத்தி, ரெண்டும் சேர்ந்து கவிழ்ந்து கரையில இருந்த வீடு, கடை மேல விழுந்துச்சு. மனுஷங்க யாரும் சாகல. ஆனாலும் அந்த நாட்டுப் பாதுகாப்பு வாரியம் முழுசா விசாரிச்சு, பக்கத்துல குடியிருக்கறவங்களோட ஆபத்தை அந்த வேலையில இருந்த யாருமே கணக்குல எடுத்துக்கலைன்னு அறிக்கையில எழுதுச்சு, ஊர் நிர்வாகத்தையும் விடல. 2020 ஜூலைல லண்டன்ல 'போ' (Bow)ங்கற பகுதியில டவர் கிரேன் விழுந்து, தன் வீட்டுக்குள்ள இருந்த வயசான பெண் ஒருத்தர் இறந்துபோனார். இங்கிலாந்துல பக்கத்து இடத்துக்கு மேல பூம் திரும்பணும்னாலே அந்த வீட்டுக்காரரோட பில்டர் ஒப்பந்தம் போட்டுக்கற வழக்கம் இருக்கு. சிங்கப்பூர்ல 2011-லேர்ந்து எப்படித் தூக்கப் போறோம்னு லிஃப்டிங் பிளான் எழுதாம கிரேன் வேலையே செய்யக் கூடாது, லோடு கட்டற ரிக்கர், சிக்னல்மேன், மேற்பார்வையாளர் எல்லாரும் பயிற்சி எடுத்திருக்கணும். அந்த வேலையை அங்க பார்க்கற எத்தனையோ பேர் நம்ம தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பசங்க. அங்க ஒழுங்கா செய்யற அதே கைக்கு இங்க ஒரே ஒரு பெல்ட்டைக் கொடுத்து அனுப்பறோம்.

நம்ம ஊர்ல என்ன நடக்கலை? 2023 ஜனவரில அரக்கோணம் பக்கம் கீழ்வீதியில கோயில் திருவிழாவுக்கு வந்த கிரேன் கவிழ்ந்து 4 பேர் போனாங்க. 2025 ஜூன் 12 ராத்திரி மணப்பாக்கத்துல மெட்ரோ பாலத்தோட கர்டர், அதாவது பெரிய கான்கிரீட் உத்தரம், விழுந்து பைக்ல போன ஒருத்தர் செத்தார். அதுக்கப்புறம் ஒரு கோடி அபராதம், விசாரணைக் குழு, ஆய்வு எல்லாம் வந்தது. ரோட்ல போறவன் செத்தாதான் விசாரணை, அதுவும் பெரிய வேலையா இருந்தாதான் விசாரணை. சின்னத் தெருவுல சின்ன பில்டர் வேலைன்னா பேசி முடிச்சுக்கங்க. தெருவைத் தோண்டிப் போட்டுட்டுப் போறாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கான்கிரீட் ஓடுது, மணலைக் கொட்டி வடிகாலை அடைக்கறாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆபீஸ், ஒரு புகார் நம்பர், நடவடிக்கை எடுக்கப்பட்டதுன்னு ஒரு எஸ்எம்எஸ், தெருவுல ஒண்ணும் மாறாது. கோபம் வராம எப்படி இருக்கும் சொல்லுங்க.

மன்னிக்கணும், கேட்க வந்ததைக் கேட்டுடறேன். குடியிருக்கற வீட்டுக்கு மேல லோடு போறதா இருந்தா, அதுக்குத் தனி அனுமதி வேணும்னு ஒரு உத்தரவு போடுங்க. அந்த அனுமதியில தூக்கற பிளான், கிரேனோட டெஸ்ட் சர்ட்டிஃபிகேட், மூணாம் நபர் இன்சூரன்ஸ், எல்லாத்துக்கும் மேல பொறுப்பேத்துக்கறவங்க பேரும் கையெழுத்தும் இருக்கணும், அது கூலிக்கு வந்த பையனோட பேரா இருக்கக் கூடாது, கட்டட அனுமதி வாங்கினவங்க பேரா இருக்கணும். ஒரு காப்பி கீழ குடியிருக்கற எங்க கையில முன்கூட்டியே வரணும். வேற வழியில தூக்க முடியும்னா, கொஞ்சம் செலவு கூடினாலும், அந்த வழியிலதான் தூக்கணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்ய முடியாதுன்னு எனக்கும் தெரியும், அந்தப் பேரையும் கையெழுத்தையும் மட்டுமாவது உடனே கட்டாயமாக்குங்க.

இதை உங்ககிட்ட மரியாதையாதான் கேட்கறேன், ஏன்னா இன்னும் வேலை முடியல. மேல் மாடிக்கு தண்ணி டேங்க், லிஃப்ட் மெஷின், அப்புறம் ஒரு ஜெனரேட்டர் போகணுமாம், ஜெனரேட்டர் அடுத்த மாசம்னு சைட்ல சொல்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியரை எங்க தெருவுக்கு அனுப்பி வைங்க. கிரேன் நிக்கப் போற இடத்தையும் உடைஞ்ச கைப்பிடிச் சுவரையும் அவரே வந்து பார்க்கட்டும். அன்னைக்கு வீட்டைக் காலி பண்ணித்தான் ஆகணும்னா, அம்மாவைப் படுக்க வைக்க ஒரு ரூமும் ஒரு ஆம்புலன்சும் தன் செலவுல ஏற்பாடு பண்ணணும்னு பில்டருக்கு எழுத்துல உத்தரவு கொடுங்க.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்துல குடியிருக்கற ஒருத்தன்