காற்றாலை மின்சார ஒப்பந்தத்தில் பருந்துக்கும் ஒரு பிரிவு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2035க்குள் 6 ஜிகாவாட் அளவுக்குக் கரிமம் குறைந்த மின்சாரத்தை வெளிநாடுகளிலிருந்து வாங்க சிங்கப்பூர் திட்டமிட்டிருக்கிறது. அதில் 1.2 ஜிகாவாட் வியட்னாமிலிருந்து வருவதற்கு, அதுவும் பெரும்பாலும் கடலில் நிற்கும் காற்றாலைகளிலிருந்து வருவதற்கு, 2023ல் நிபந்தனையுடன் ஒப்புதல் தரப்பட்டது. கம்போடியாவிலிருந்து எதிர்பார்க்கப்படும் 1 ஜிகாவாட்டிலும் காற்றாலைக்கு இடமுண்டு. விலை, கடலடிக் கம்பிவடம், மின்தடை அபாயம் எல்லாம் அலசப்படுகின்றன. காற்றாலையில் அடிபட்டுச் சாகும் பருந்து, கழுகு, வல்லூறு பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

நம் ஊரில்தான் பெரிய காற்றாலைகளே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பெரிய டர்பைன் ஒன்று சுழலத் தொடங்கவே விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் காற்று வேண்டும். முழுத் திறனில் ஓட 11, 12 மீட்டர் வேண்டும். இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் அதற்கு வழியில்லை. ஆனால் அக்டோபர், நவம்பரில் காலை பத்து மணிக்கு மேல் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். தேன்பருந்தும் ஜப்பானிய வைரியும் கொண்டை வைத்த கறுப்பு பாசா என்ற பருந்து வகையும் தெற்கே போய்க்கொண்டிருக்கும். ஜப்பானில் கூடு கட்டும் தேன்பருந்துகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பார்த்ததில், அவை கிழக்குச் சீனக் கடலைக் கடந்து, சீனா, இந்தோசீனா, மலாய்த் தீபகற்பம் வழியாக இந்தோனேசியத் தீவுகளுக்குப் போவது தெரிந்தது. நாம் மின்சாரம் வாங்கப்போகும் வட்டாரமும் இவை பறக்கும் வட்டாரமும் ஒன்றுதான்.

கழுகுப் பார்வை என்று சொல்லுக்குச் சொல் சொல்கிறோம். அப்படிப்பட்ட கண்ணுக்கு இவ்வளவு பெரிய பொருள் எப்படித் தெரியாமல் போகும்? இரை தேடும் பறவை தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி பறக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகளின் பார்வைப் புலத்தை அளந்தபோது, தலை குனிந்த நிலையில் நேர் எதிரே இருப்பது அவற்றின் கண்ணுக்கு எட்டாமலே போவது தெரியவந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடுவானில் மோதுவதற்கு எதுவும் இருந்ததில்லை. எதிரே பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

அடுத்தது வேகம். தமிழ்நாட்டில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும்: டர்பைன் பெரிதாகப் பெரிதாக அது சோம்பலாகச் சுற்றுவதுபோல் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. பிளேடுகள் சுற்றும் வட்டத்துக்கு 150 மீட்டர் விட்டம், 110 மீட்டர் உயரத்தில் மையம், நிமிடத்துக்கு 11 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பிளேடின் நுனி விநாடிக்கு 86 மீட்டர் போகிறது. அதாவது மணிக்கு 310 கிலோமீட்டர். நம் விரைவுச்சாலையின் 90 கிலோமீட்டர் வரம்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஒரு பிளேடு கடந்து 1.8 விநாடியில் அடுத்தது வந்துவிடும். அந்த வேகத்தில் நுனிப்பகுதி விழித்திரையில் பதியாமல் கலங்கித் தெரியும். பறவைக்கு அது திறந்த வெளி. இந்த வட்டத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 35 மீட்டரில், ஏறக்குறைய 12 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் உச்சியில் இருக்கிறது. மேல்விளிம்பு 185 மீட்டரில், டக்ஸ்டன் பினாக்கிளின் 50 மாடிகளையும் தாண்டி நிற்கிறது. வலசை போகும்போது பருந்துகள் பெரும்பாலும் இதற்கு மேலேதான் பறக்கின்றன. காலையில் வெப்பக் காற்றைப் பிடித்து மேலேறும்போதும், மாலையில் மரத்துக்கு இறங்கும்போதும், தூறலிலும் தாழ்ந்த மேகத்திலும்தான் இந்த உயரத்துக்குள் வருகின்றன. ஆபத்து நாள் முழுக்க, ஆண்டு முழுக்க பரவிக் கிடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதனால்தான் தேவைப்படும்போது நிறுத்துவது என்ற முறை வேலை செய்கிறது. ஜிப்ரால்டர் நீரிணையை ஒட்டிய ஸ்பெயினின் தாரிஃபா பகுதியில், பிணந்தின்னிக் கழுகு ஒரு டர்பைனை நெருங்கும்போது அதை மட்டும் நிறுத்தினார்கள். இறப்பு பாதியாகக் குறைந்தது. இழந்த மின்சாரம் ஆண்டு உற்பத்தியில் 0.07 விழுக்காடு, காற்றாலைப் பண்ணை முழுவதும் ஆண்டில் ஆறு மணி நேரம் நின்றதற்குச் சமம். பராமரிப்புக்காக நிறுத்தும் நேரமே இதைவிட அதிகம்.

ஆனால் நிறுத்துவது விசிறியின் சுவிட்சைத் தட்டுவதுபோல் இல்லை. பிளேடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்ப வேண்டும். சுழற்சி அடங்க அரை நிமிடம்போல் ஆகும். பருந்து விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்தால், 600 மீட்டர் தொலைவில் கண்டவருக்குக் கிடைப்பது 40 விநாடி. அதற்குள் இனத்தை அடையாளம் கண்டு, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, அங்கே ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். இங்கேதான் பல இடங்களில் சறுக்குகிறது. கண்காணிப்பாளர் மேலதிகாரியிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்பார். பறவை அதற்குள் வந்து சேர்ந்துவிடும். நிறுத்தும் அதிகாரம் பைனாகுலர் வைத்திருப்பவர் கையிலேயே இருக்க வேண்டும். கேமராவும் கணினியும் சேர்ந்த கருவிகள் ஒரு கிலோமீட்டர் தொலைவிலேயே கண்டுகொள்கின்றன. அப்போது 60 விநாடிக்கு மேல் கிடைக்கும். எதிர்வெயிலும் பனிமூட்டமும் அவற்றுக்கு ஆகாது. கொக்கைக் கழுகு என்று எண்ணி வீணாக நிறுத்துவதும் உண்டு. வீணாக நின்றால் போவது கொஞ்சம் மின்சாரம்தான்.

பிளேடுக்குக் கறுப்புப் பூசும் யோசனை அடிக்கடி பேசப்படுகிறது. நார்வேயின் ஸ்மோலா தீவில், வெண்வால் கடற்கழுகுகள் அடிபட்ட பண்ணையில், மூன்று பிளேடுகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு அடித்தார்கள். பறவை இறப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் பூசியது நான்கே நான்கு டர்பைன்களுக்கு. அதைத் திருஷ்டிப்பொட்டுபோல் வைத்துவிட்டு மற்றதை மறந்துவிட முடியாது. ஒலி எழுப்பி விரட்டும் கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பறவை பழகிக்கொள்ளும்.

தவறான இடத்தில் நட்ட டர்பைனை எந்தச் சாயமும் காப்பாற்றாது. கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாய் இதற்குப் பழைய பாடம். தரை அணில்கள் நிறைந்த புல்மேட்டில், பொன்கழுகு வேட்டையாடும் இடத்திலேயே, 1980களில் ஆயிரக்கணக்கான சிறு டர்பைன்களை நட்டுவிட்டு, பிற்பாடு அவற்றைக் கழற்றிவிட்டுக் குறைந்த எண்ணிக்கையில் பெரியவற்றை வைக்க வேண்டியதாயிற்று. அடிவாரத்தைப் பராமரிப்பதும் முக்கியம். செத்த மாட்டை அன்றே அகற்ற வேண்டும். எலி குடியேறும் கற்குவியலை விடக்கூடாது. வயலை உழும்போதும் அறுக்கும்போதும் எலிக்கும் பூச்சிக்கும் பருந்து கூடும். ஜெர்மனியில் அப்படிப்பட்ட நாள்களில் பக்கத்து டர்பைன்களைப் பகலில் நிறுத்திவைக்கச் சட்டத்திலேயே வழி செய்திருக்கிறார்கள்.

இறப்பைக் கணக்கிடும் விதத்தில்தான் ஏமாறுவது எளிது. ஆண்டுக்கு மூன்று பருந்துதான் செத்தது என்று ஓர் அறிக்கை சொன்னால், மூன்று உடல்கள் கிடைத்தன என்றுதான் அதற்குப் பொருள். உதாரணத்துக்கு, தேடுபவர் கண்ணில் பத்தில் ஆறுதான் படும். அடுத்த தேடலுக்குள் பாதியை நாயும் உடும்பும் இழுத்துப் போகும். விழும் பரப்பில் 80 விழுக்காட்டில்தான் நடக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3ஐ 0.6 x 0.5 x 0.8ஆல் வகுத்தால் 12.5 வருகிறது. இந்த விகிதங்களை அந்தந்த இடத்தில், தெரிந்தே வைத்த உடல்களைத் தேடச் சொல்லி அளக்க வேண்டும். கடல் காற்றாலையில் உடலே கிடைக்காது. அங்கே ரேடாரும், பிளேடைப் பார்த்தபடி பொருத்திய கேமராவும் இருந்தால் மட்டுமே ஏதாவது தெரியவரும். ‘இறப்பு ஏதும் பதிவாகவில்லை’ என்று கடல் பண்ணை அறிக்கை சொன்னால், எதை வைத்துப் பதிவு செய்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஆகவே எரிசக்திச் சந்தை ஆணையம் இறக்குமதி உரிமத்தின் நிபந்தனைகளில் சிலவற்றைச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. தூண் நடுவதற்கு முன் குறைந்தது இரண்டு முழு வலசைப் பருவங்கள் அந்த இடத்தில் பறவைகள் பறக்கும் உயரத்தையும் நேரத்தையும் அளந்திருக்க வேண்டும். வலசை வாரங்களில் நிறுத்தும் ஏற்பாடு இருக்க வேண்டும். திருத்திய இறப்புக் கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும்.

இவற்றோடு பணம் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. மின்சாரம் குறைந்தால் அபராதம் என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் எந்த நிறுவனமும் பருந்துக்காக டர்பைனை நிறுத்தாது. பறவைக்காக நின்ற நேரத்தை விநியோகக் குறைபாடாகக் கருதக்கூடாது என்று ஒரு வரி வேண்டும். அந்த இழப்பை விற்பவரும் வாங்குபவரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்கள் இருவர்,
தெலுக் பிளாங்கா