வலித் தைலப் புட்டிகளில் உட்பொருளின் அளவு தமிழில் அச்சிடப்பட வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்குமான மூலிகைத் தைலங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வரும் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எந்தத் தைலம் எந்த வலிக்கு ஏற்றது என்பதை அவை விரிவாகச் சொல்கின்றன. புட்டிக்குள் இருப்பது என்ன, எவ்வளவு, அதை யார் பூசிக்கொள்ளக் கூடாது என்ற செய்திகள் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. நீலகிரியில் பல ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

வெளிப்பூச்சு மருத்துவத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சித்த மருத்துவம் அகமருந்துகள் 32, புறமருந்துகள் 32 என்று வகுத்து, கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம், களிம்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறை வைத்திருக்கிறது. நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பதும், வாதநாராயணன் இலையையும் தழுதாழையையும் எண்ணெயில் காய்ச்சி மூட்டில் பூசுவதும் நம் வீடுகளில் இன்றும் நடப்பவை. வயதான ஒருவருக்கு வலி மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும் என்பதால், வலி உள்ள இடத்தில் மட்டும் பூசும் மருந்தை நாடுவது பல நேரங்களில் அறிவார்ந்த தேர்வே ஆகும்.

இத்தைலங்களால் கிடைக்கும் நிவாரணத்தை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், தோலில் சூட்டை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தூண்டுகிறது. தொடர்ந்து பூசிவரும்போது அந்த நரம்பு முனைகள் வலிச் செய்தியை அனுப்புவதில் தளர்ந்துவிடுகின்றன. இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஆர்டெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது. புதினாவின் மென்தால் குளிர்ச்சியை உணரும் வேறோர் ஏற்பியைத் தூண்டுகிறது. கற்பூரமும் தைலமர எண்ணெயும் தோலில் சூடும் குளிர்ச்சியுமாக ஓர் உணர்வை எழுப்பி, ஆழத்தில் இருக்கும் வலியிலிருந்து கவனத்தை விலக்குகின்றன. ஆகவே இவை உடலில் வேலை செய்யும் மருந்துகள். மருந்துக்கு உரிய அளவும் எச்சரிக்கையும் இவற்றுக்கும் பொருந்தும்.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். 1843 வாக்கில் ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட தைலமரம் இன்று நீலகிரியின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. கொட்டகைகளில் இலையை ஆவியில் காய்ச்சி வடிக்கும் எண்ணெயை ஊட்டிக்கும் குன்னூருக்கும் வரும் பயணிகள் வாங்காமல் திரும்புவது அரிது. அதே கடைகளின் அலமாரியில் சற்றுக் காரமான இனிப்பு மணத்துடன் இன்னொரு புட்டியும் இருக்கும். அதுதான் வின்டர்கிரீன் தைலம். சோலைக்காடுகளின் ஓரத்தில் இயற்கையாக வளரும் ஒரு குறுஞ்செடியின் இலையிலிருந்து வடிக்கப்படும் அந்த எண்ணெய், ஏறத்தாழ முழுவதும் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருளால் ஆனது. ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கப்படும் மெத்தில் சாலிசிலேட்டும் மணத்திலும் குணத்திலும் அதிலிருந்து வேறுபடாது. கடைகளில் கிடைக்கும் வலி களிம்புகள், பாம்கள், ஸ்பிரேக்கள் பலவற்றில் நாம் முகரும் மணம் இதனுடையதே.

மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, தூய வின்டர்கிரீன் தைலத்தில் இருக்கும் சாலிசிலேட், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் 20க்கும் மேற்பட்டவற்றுக்குச் சமமானது. ஒரு சிறு குழந்தை அந்த ஒரு தேக்கரண்டியை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் இனிப்பு மணம் வீசும் அந்தப் புட்டி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், பாதுகாப்பு மூடி எதுவும் இன்றிச் சாமி மாடத்துக்குப் பக்கத்திலும் கட்டில் தலைமாட்டிலும் வைக்கப்படுவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம்.

விழுங்கினால்தானே ஆபத்து, பூசினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தோல் வழியாகவும் இது இரத்தத்தில் கலக்கிறது. உடற்பயிற்சி செய்து உடல் சூடாக இருக்கும்போது பூசினாலும், பூசிய இடத்தைத் துணியால் இறுக்கிக் கட்டினாலும், மேலே வெந்நீர்ப் பை வைத்தாலும் கலக்கும் அளவு கூடுகிறது. 2007இல் நியூயார்க்கில் 17 வயது ஓட்ட வீராங்கனை ஒருவர் இறந்தபோது, தசைவலிக்கான களிம்புகளை மிக அதிகமாகப் பயன்படுத்தியதால் உடலில் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்டே காரணம் என்று அந்நகரின் மருத்துவ ஆய்வாளர் அலுவலகம் முடிவு செய்தது. அது மிக அரிதான நிகழ்வு என்பதை நான் அறிவேன். தைலம் பூசும் ஒவ்வொருவரையும் பயமுறுத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. அதைவிட நம் வீடுகளுக்கு நெருக்கமான ஆபத்து ஒன்று இருக்கிறது. இதய வால்வு மாற்று அறுவைக்குப் பின்னரோ, இதயத் துடிப்புச் சீரின்மைக்காகவோ வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இத்தகைய தைலத்தை உடலெங்கும் தாராளமாகப் பூசிவந்தால், அந்த மாத்திரையின் வீரியம் கூடி இரத்தக் கசிவு ஏற்படக்கூடும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ள ஆஸ்துமா நோயாளிகளும், கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருக்கும் பெண்களும் இதைத் தவிர்க்க வேண்டியவர்கள். மருத்துவர் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது தைலத்தைச் சொல்ல வேண்டும் என்று நோயாளிக்கும் தோன்றுவதில்லை, கேட்க வேண்டும் என்று மருத்துவருக்கும் தோன்றுவதில்லை.

கற்பூரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சளி பிடித்த கைக்குழந்தையின் நெஞ்சில், தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சித் தடவுவது நம்மிடம் பரவலாக உள்ள பழக்கம். பாட்டிமார்கள் அன்போடு செய்வது அது. ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் விரைந்து உட்சென்று குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியது. வாய் வழியே சென்றால் ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. அமெரிக்காவில் 1980களிலேயே கற்பூர எண்ணெய் விற்பனை தடை செய்யப்பட்டு, மற்ற வெளிப்பூச்சு மருந்துகளில் கற்பூரத்தின் அளவுக்கு 11 சதவீதம் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கற்பூரமோ, மென்தாலோ, தைலமர எண்ணெயோ உள்ள எதையும் மார்பிலும் மூக்கின் அருகிலும் பூசவே கூடாது. மென்தால் நெடி பட்டாலே சில சிசுக்களுக்கு மூச்சுத் தடைபடும் என்பதைப் பிரசவ விடுதியிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாய்க்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

நான் பணியில் இருந்த காலத்தில் அதிகம் பார்த்தது கொப்புளங்களைத்தான். தைலத்தைத் தேய்த்து அதன் மேல் சூடான ஒத்தடம் கொடுத்து, தோல் வெந்துபோய் வருபவர்களில் பலர் நீண்டகால நீரிழிவு நோயாளிகள். பாதத்தில் உணர்வு குறைந்துவிட்டதால், சூடு தாங்க முடியாத அளவுக்குப் போனது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பாத எரிச்சலுக்காகத் தைலம் தேய்த்து உண்டான ஒரு சிறு கொப்புளம் ஆறாத புண்ணாகி விரலை எடுப்பதில் முடிந்ததையும் கண்டிருக்கிறேன். மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் உள்ள பூச்சுகளால் சிலருக்குக் கடுமையான தீக்காயம் ஏற்பட்டதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே 2012இல் எச்சரித்து, அவற்றின் மேல் இறுக்கிக் கட்டவோ சூடு வைக்கவோ வேண்டாம் என்று அறிவுறுத்தியது. கொடிவேலி வேரையும் சேராங்கொட்டையையும் எருக்கம்பாலையும் வீட்டிலேயே அரைத்துப் பற்றுப் போடுவது இதைவிட ஆபத்தானது. இவை தோலைப் பொசுக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். பயிற்சி பெற்ற சித்த மருத்துவர் இவற்றைச் சுத்தி செய்து, அதாவது நச்சுத்தன்மையை நீக்கி, அளவறிந்து பயன்படுத்துவது வேறு, கைப்பேசியில் வந்த காணொளியைப் பார்த்து நாமே செய்துகொள்வது வேறு. ஒரு காலின் ஆடுசதை மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எதையும் பூசித் தேய்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தால், தேய்ப்பதால் உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

இவ்வளவையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வழி என்ன? சட்டத்தில் வழி இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் 1964இல் கொண்டுவரப்பட்டன. அதன் விதி 161, ஒவ்வொரு மருந்திலும் உள்ள உட்பொருட்களின் உண்மையான பட்டியலையும் அளவையும் லேபிளில் அச்சிட வேண்டும் என்றும், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள் ஆகியவற்றோடு வெளிப்பூச்சு மருந்துகளில் அவை வெளிப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்ற குறிப்பும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் கடையில் ஒரு புட்டியை எடுத்துப் பாருங்கள். மூலிகையின் படமும் வலி பறக்கும் படமும் பெரிதாக இருக்க, உட்பொருட்கள் பூதக்கண்ணாடி வைத்தாலும் எளிதில் படிக்க முடியாத எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், தாவரங்களின் இலத்தீன் பெயர்களில் மட்டும் இருக்கும். அறுபது வயதைத் தாண்டிய, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அதனால் என்ன பயன்? சுற்றுலாத் தலங்களில் சில்லறையாக நிரப்பி விற்கப்படும் புட்டிகளில் உரிம எண்ணோ தொகுதி எண்ணோ உட்பொருள் பட்டியலோ எதுவுமே இல்லாதவற்றையும் காண்கிறேன். இன்னொரு புறம், டைக்ளோஃபெனாக் என்ற நவீன வலி மருந்தோடு ஆளிவிதை எண்ணெய், மெத்தில் சாலிசிலேட், மென்தால் கலந்த ஜெல்லை, அதன் மணத்தை வைத்து மூலிகை மருந்து என்றே எண்ணிப் பலர் வாங்கிச் செல்கிறார்கள்.

எனவே தங்கள் நாளிதழின் வாயிலாகச் சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். மாநிலத்தின் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இணைந்து, தமிழ்நாட்டில் விற்கப்படும் எந்த வலித் தைலத்திலும் மெத்தில் சாலிசிலேட், கற்பூரம், மென்தால், தைலமர எண்ணெய் ஆகிய நான்கின் சதவீதமாவது படிக்கக்கூடிய அளவில் தமிழில் இருக்க வேண்டும் என்று ஆணையிட வேண்டும். குழந்தைகளுக்குப் பூசக் கூடாது, சூடு வைக்கக் கூடாது, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்ற மூன்று வரிகளும் அத்துடன் இடம்பெறட்டும். உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் கடைகளில் லேபிள் இல்லாத புட்டிகளைச் சீசன் தொடங்கும் முன்பே ஆய்வு செய்ய வேண்டும்; தைலம் காய்ச்சிப் பிழைக்கும் சிறு உற்பத்தியாளர்களைத் தண்டிப்பதைவிட, உரிமம் பெறவும் லேபிள் அச்சிடவும் அவர்களுக்கு அரசே உதவுவது நல்லது. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் இலவசமாக வழங்கப்படும் தைலங்களைக் குறித்து, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நவீன வலி களிம்புகளோடு ஒப்பிட்டு ஆய்வு நடத்தித் தமிழில் வெளியிட்டால், எது எவ்வளவு உதவுகிறது என்பது மக்களுக்கும் மருத்துவர்களுக்கும் தெளிவாகத் தெரியவரும்.

தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வாத நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே தடை செய்கிறது. இருந்தும், மூட்டுத் தேய்மானத்தை அடியோடு போக்கும் என்ற வாசகங்களுடன் தைல விளம்பரங்கள் நாளிதழ்கள் பலவற்றில் தொடர்ந்து வருகின்றன. அத்தகைய விளம்பரங்களை ஏற்பதற்கு முன் உரிம எண்ணையும் உட்பொருள் பட்டியலையும் கேட்டு வாங்கும் வழக்கத்தைத் தங்கள் நாளிதழ் தொடங்கி வைக்க வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.