கடைசி மூன்று நாள்களைப் பிள்ளைகளுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் கொடைக்கானலிலும் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலும் மாணவர் முகாம்கள் நடக்கின்றன. பத்து, பன்னிரண்டு நாள் முகாமின் கடைசி மூன்று நாள்கள் எப்படிப் போகின்றன என்பதைப் பற்றியே எழுதுகிறோம். நிறைவு விழா ஒத்திகை, சான்றிதழ், கடைவீதி, பெட்டி கட்டுவது என்று அவை கரைந்துவிடுகின்றன. பிள்ளைகள் குளிருக்குப் பழகி, கூட்டாளி சேர்ந்து, பாதை தெரிந்து நடப்பதே அப்போதுதான். அந்த நேரத்தில் அவர்களை மேடைக்கு இழுத்து வரவேற்புரை மனப்பாடம் செய்ய வைப்பது அநியாயம்.

முதல் மாற்றம், கேம்ப் ஃபயரைக் கடைசி இரவில் வைக்காமல் அதற்கு முந்தின இரவில் வைப்பது. கடைசி இரவில் வைத்தால் பிள்ளைகள் நள்ளிரவு தாண்டியும் தூங்குவதில்லை. காலையில் பூரி சாப்பிட்டுவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு வத்தலக்குண்டு பாதையில் இறங்கினால், வளைவுகளில் வாந்தி எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு நாள் முன்னால் வைத்தால் மறுநாள் முழுக்க அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு திரிவார்கள். அந்த ஒரு நாள்தான் முகாமின் ருசியே. இறங்கும் நாளுக்கு இரண்டு இட்லி போதும், அதுவும் வண்டி கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பே.

தீ மூட்டுமிடம் வெறும் மண் தரையாக இருக்கட்டும். சுற்றிப் பத்தடிக்குக் காய்ந்த புல், சருகு எதுவும் கூடாது. மே மாதத்தில் பிற்பகல் மழை சகஜம் என்பதால், விறகை இரண்டு நாள் முன்பே கூரைக்கடியில் அடுக்கிவிட வேண்டும். ஈர விறகு புகைந்து கண்ணெரிச்சலைத்தான் தரும். பைன் சருகைக் கொட்டாதீர்கள். குப்பென்று பற்றி, பொறி காற்றில் பறக்கும். இரண்டு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியுங்கள். சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றிய பிறகே பெரியவர்கள் படுக்கப் போகலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ பலிகொண்டதை, மலையில் பிள்ளைகளை வைத்திருக்கும் யாரும் மறக்கக் கூடாது.

கடைசி முழு நாளில் புதிய இடம் எதையும் சேர்க்க வேண்டாம். முதல் நாள் நடந்த அதே பாதையில், இந்த முறை பிள்ளைகளை வழிகாட்டிகளாக விட்டு, காலை ஏழு மணிக்குக் கிளம்பி நண்பகலுக்குள் திரும்புங்கள். அனுமதி பெற்ற பாதையாக மட்டும் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் முன்னேயும் ஒருவர் கடைசியிலும் இருந்தால் போதும், விளக்கவுரை தேவையில்லை. சோலை ஓரத்தில் பத்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னால், முதல் நாள் கத்திக்கொண்டே கடந்துபோன இடத்தில் மலையணில் தாவுவதைக் காண வாய்ப்புண்டு. காட்டுமாடு நின்றால் படமெடுக்க நெருங்காமல் வந்த வழியே திரும்புங்கள். குறிஞ்சிப் புதர் இருந்தால் காட்டுங்கள்: 2018இல் பூத்தது, இனி 2030இல். பத்து வயதுப் பிள்ளை அதற்குள் எந்த வகுப்பில் இருக்கும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

மூட்டை கட்டுவதையும் கடைசி இரவுக்கு வைக்கக் கூடாது. பனிமூட்டத்தில் கால்சட்டையும் காலுறையும் ஒரே நாளில் காயாது. ஈரத்தோடு பெட்டியில் போனால் வீட்டுக்குள் பூசண வாடைதான் வரும். கடைசித் துவைப்பு, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே முடியட்டும். தைலப் புட்டியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனிப் பையில் போட்டுக் கட்ட வேண்டும். சாக்லெட்டைத் துணிகளுக்கு நடுவில் வைக்காவிட்டால் சமவெளி வெயிலில் உருகிவிடும். நினைவுக் குறிப்பேட்டில் மைப்பேனா வேண்டாம், ஈரக்காற்றில் எழுத்து கலங்கும், பால்பாயிண்ட் போதும். தொலைபேசி எண்ணாகப் பெற்றோருடையதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கோடை விழாக் கூட்டத்துக்குப் பயந்து ஒரு நாள் முன்பே பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறீர்கள். ஒரு பிள்ளை கிளம்பினால் அந்த அறையே ஊருக்குப் போகும் நினைப்பில் விழுந்துவிடுகிறது. மலையேறுமுன் இ-பாஸ் (வண்டிக்கான இணையவழி அனுமதி) எடுத்துவிட்டு, கடைசி நாள் காலை பத்து மணிக்கு வாருங்கள். அதற்கு முன் வாசலில் வண்டி நின்றால் பிள்ளை விடைபெறாமலே ஓடிவந்துவிடும். முகாம் நடத்துவோரும் வாங்கி வைத்த கைப்பேசிகளை முந்தின இரவில் கொடுக்காமல், வண்டி ஏறும்போது கொடுங்கள். சான்றிதழைத் தபாலில்கூட அனுப்பலாம்.

இப்படிக்கு,
மாணவர் முகாம் பொறுப்பாளர்கள்,
கொடைக்கானல்.