இரத்தம் குறித்த ஆய்வக வகுப்பு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் அடுத்த வாரம் அறிவியல் ஆய்வகத்தில் மனித இரத்தத்தையும் தவளையின் இரத்தத்தையும் நுண்ணோக்கியில் பார்க்க இருக்கிறார்கள். இதற்காக எந்த மாணவரின் விரலிலும் ஊசி குத்தப்படாது. சாயமேற்றிப் பதப்படுத்திய கண்ணாடித் தகடுகளையே பயன்படுத்துகிறோம்.

மனிதச் சிவப்பணு நடுவில் குழிந்த வட்டத் தட்டாக, உட்கரு (செல்லின் மரபுப் பொருள் இருக்கும் மையப்பகுதி) இல்லாமல் தெரியும். தவளையினுடையதோ நீள்வட்டமாக, அளவில் பெரியதாக, நடுவே அடர்நிற உட்கருவுடன் இருக்கும். நம் சிவப்பணு முதிரும்போதே உட்கருவை வெளியேற்றிவிடுவதால் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழியும் அத்துடன் போய்விடுவதால், ஏறத்தாழ 120 நாட்களில் அதன் ஆயுள் முடிகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது.

பாடப் படங்களில் சிரைகளுக்கு, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களுக்கு, நீல வண்ணம் தீட்டுவது அடையாளத்துக்காக மட்டுமே என்பதைப் பிள்ளைகளிடம் நீங்களும் சொல்லுங்கள். பெரியவர்களிலேயே பலர் சிரைகளில் ஓடும் இரத்தம் உண்மையிலேயே நீலம் என நம்புகிறார்கள். ஆக்சிஜன் குறைந்த மனித இரத்தம் கருஞ்சிவப்பாகவே இருக்கும். உண்மையில் நீல இரத்தம் ஓடுவது ஆக்டோபஸ், குதிரைலாட நண்டு போன்ற உயிர்களில்தான். அவற்றில் இரும்புள்ள ஹீமோகுளோபினுக்குப் பதிலாகச் செம்புள்ள ஹீமோசயனின் ஆக்சிஜனைச் சுமக்கிறது. நியூ கினியில் வாழும் சில அரணை இனங்களுக்கு பிலிவெர்டின் என்ற பித்த நிறமி மிகுந்திருப்பதால் இரத்தம் பச்சை. இவற்றையெல்லாம்விட என்னை வியக்கவைப்பது அண்டார்டிக் கடலின் பனிமீன். ஹீமோகுளோபினே இல்லாததால் அதன் இரத்தம் நிறமற்றது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரைவதாலும், அதன் இதயம் பெரிதாக இருப்பதாலும் அது உயிர்வாழ்கிறது. பூச்சிகளுக்கோ ஆக்சிஜனை இரத்தத்தின் வழியே சுமக்கவேண்டிய சிக்கலே இல்லை. நுண்ணிய காற்றுக்குழாய்கள் ஆக்சிஜனை நேரே திசுக்களுக்குக் கொண்டுசேர்க்கின்றன.

இவ்வகுப்பை ஒட்டி மாணவர்களின் இரத்த வகையையும் பள்ளிப் பதிவேட்டில் சேர்க்க விரும்புகிறோம். கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் விளக்கிய இந்த வகைகள் மரபு வழியே வந்தாலும், பெற்றோரின் வகையை வைத்துப் பிள்ளையின் வகையை எப்போதும் உறுதியாக ஊகிக்க இயலாது. தந்தை ஏ வகையாகவும் தாய் பி வகையாகவும் இருக்கும்போது, இருவரிடமும் ஓ மரபணு மறைந்திருந்தால் பிள்ளை ஓ வகையாகப் பிறக்கலாம். இதில் ஐயுறுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே, பரிசோதனைச் சான்று கையில் இருந்தால் மட்டும் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். இல்லையெனில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் பிள்ளைகள் சிலர் இருக்கக்கூடும். அதை முன்கூட்டியே வகுப்பாசிரியருக்குத் தெரிவித்தால், அவர்களை ஆசிரியரின் அருகிலேயே அமரவைத்துக்கொள்வோம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்