பேஸ்மென்ட் மேல் புல்வெளி போட்டால் பசுமை வளாகமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்சென்னையில் புதிதாக வரும் அடுக்குமாடி விளம்பரங்களில் 'பசுமை வளாகம்' என்று போடாதவர்களே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் புல்வெளியும் பூச்செடியும் இருக்கின்றன, ஆனால் பல இடங்களில் அவை நிற்பது பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கின் கூரை மேல். மனையை இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை தோண்டி கான்கிரீட் போட்டுவிட்டு மேலே இரண்டடி மண்ணைக் கொட்டினால் புல் வளரும், வேம்பும் புங்கனும் எங்கே வேர் விடும்? மழை வந்தால் அந்த இரண்டடி நனைந்ததும் மீதித் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாகத் தெருவுக்கு வந்துவிடுகிறது.

மேடவாக்கம் பக்கம் இருக்கிற எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்தப் பகுதி ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாகத்தான் கடலை நோக்கிப் போக வேண்டும். 2022-ல் அந்தச் சதுப்பு நிலத்தை ராம்சர் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவித்தது மகிழ்ச்சி. ஆனால் சுற்றியுள்ள மனைகள் மழையைக் கொஞ்சமும் உறிஞ்சாமல் ஒரே நேரத்தில் வெளியே தள்ளினால், வேலி போட்டு மட்டும் அதைக் காப்பாற்ற முடியாது.

சிங்கப்பூர் ஈசூனில் 2010-ல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் குளத்தைப் பார்த்த மாதிரி கட்டடத்தைத் திறந்து வைத்து, குளத்துத் தண்ணீரையே செடிகளுக்குப் பாய்ச்சி, வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும் செடிகளாகப் பார்த்து வைத்தார்கள். நோயாளிகள் நிறைந்த இடத்திலேயே இது முடிகிறது. இங்கே சுவரோரம் வரிசையாகக் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை நட்டார்கள், கடைசியில் சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் கேடு என்று 2025-ல் தமிழக அரசு அதற்குத் தடை போட வேண்டி வந்தது.

எங்கள் குடியிருப்பில் பின்பக்கச் சுவரோரம் ஒரு பட்டை மண் மட்டும் பேவர் பிளாக் போடாமல் தப்பியிருக்கிறது. அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை. இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதை உற்றுப் பார்த்தால் புழு, அப்புறம் அதுவே பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, கறுப்புச் சிறகோடு பறக்கிறது. பெருமழை ஓய்ந்ததும் வளாகத்தில் முதலில் தண்ணீர் வற்றுவதும் அங்கேதான். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை, மண்ணை மூடாமல் விட்டதுதான்.

2003-ல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது, அதனால் முடியாது என்று சொல்ல முடியாது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) திட்ட அனுமதி கொடுக்கும்போதே, மனையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு பேஸ்மென்ட்டும் தளமும் இல்லாத நிஜ மண்ணாக இருக்க வேண்டும், ஏற்கெனவே நிற்கும் மரங்களை வரைபடத்தில் குறித்த பிறகே கட்டடத்தின் இடத்தை முடிவு செய்ய வேண்டும், என்னென்ன மரம் நடப்போகிறார்கள் என்று பெயரோடு பில்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கரணைக்கு நீர் வடியும் பகுதிகளில் இதை முதலில் கொண்டுவரட்டும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேடவாக்கம்