ஹூஸ்டனில் ஒரு மாட்டுத் திருவிழா: அப்பாவுக்கு ஒரு கடிதம்

ஹூஸ்டன்,
மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலிக்குத் தைலத்தோடு நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

நேற்று ரோடியோ என்கிற மாட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். போனில் சொன்னால் நீங்கள் "ம், ம்" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். இது உங்களிடம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

வருஷாவருஷம் மார்ச் மாதத்தை ஒட்டி மூன்று வாரம் நடக்கிற கால்நடைக் கண்காட்சி இது. 1932-ல் சின்னதாகத் தொடங்கியது. இப்போது 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். வேலை பார்க்கிறவர்களில் 35,000 பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கண்காட்சி தொடங்குவதற்கு முன்பே சுற்றுவட்டார ஊர்களிலிருந்து குதிரையிலும் கூண்டு வண்டியிலும் நாள்கணக்கில் பயணம் செய்து ஊருக்குள் வருகிறார்கள். 1952-ல் பிரென்ஹாம் என்ற ஊரிலிருந்து சிலர் கிளம்பி வந்ததில் ஆரம்பித்த வழக்கமாம். பள்ளிக்கூடத்தில் அதற்கென்று ஒரு வெள்ளிக்கிழமை உண்டு. உங்கள் பேத்தி தொப்பியும் முழங்கால் பூட்ஸும் போட்டுக்கொண்டு போனாள்.

மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன் அப்பா. திமில் வைத்த மாடு! மயிலை நிறம், தொங்கும் அலைதாடி. காது மட்டும் நீளமாகத் தொங்குகிறது, கொம்பு நம் காங்கேயம் மாதிரி இல்லை. பிராமன் என்கிறார்கள். நம் நாட்டிலிருந்து வந்த வம்சம்தான். ஐரோப்பிய மாடுகள் இந்தக் கடலோர வெக்கைக்கும் உண்ணிக்கும் தாங்கவில்லை. அதனால் 1906-ல் இந்த மாநிலத்துப் பியர்ஸ் பண்ணைக்காரர்கள் இந்தியாவிலிருந்தே காளைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கிர், குஜராத் பக்கத்துக் காங்ரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு, அதோடு நெல்லூர் என்று இவர்கள் சொல்கிற ஓங்கோல், எல்லாம் கலந்து உருவானது. பிராமன் வளர்ப்போர் சங்கம் 1924-ல் ஏற்பட்டது. அந்த மாட்டுக்குப் பெயர் வைத்த சார்ட்வெல் என்பவர்தான் இந்தக் கண்காட்சிக்கும் முதல் தலைவர். நமக்குக் காளையின் அருமை தெரியும் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம், இவர்கள் ஒவ்வொரு கன்றுக்கும் வம்சாவளி எழுதிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக் காரியின் தாய்க்குத் தாய் எது என்று உங்கள் மனசில் மட்டும்தானே இருக்கிறது? அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு பெண், பதினைந்து வயது இருக்கும், தன் எருதைக் குளிப்பாட்டிவிட்டு, தலைமுடி காயவைக்கிற மாதிரிக் காற்றடித்து, சீப்பால் ரோமத்தை மேல்நோக்கி வாரிக்கொண்டிருந்தாள். கையில் நுனி வளைந்த ஒரு நீளக் குச்சி. வயிற்றுக்கடியில் அதால் மெல்லச் சொறிந்துகொடுத்தால் எருது அசையாமல் நிற்கிறது. அதே நுனியால் குளம்பைத் தொட்டால் காலை நகர்த்தி வைக்கிறது. அதட்டலும் இல்லை, அடியும் இல்லை. நடுவர் சுற்றிச்சுற்றி முதுகுத்தண்டையும் தொடையையும் தடவிப் பார்க்கிறார். முதல் பரிசு எதற்கு என்று முடிவானால் அதன் முதுகில் ஓங்கித் தட்டுகிறார், அவ்வளவுதான் அறிவிப்பு. 2022-ல் முதல் பரிசு எருது 10 லட்சம் டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. நம் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, இங்கே எல்லாம் மைக்கில்தான். வளர்த்த பிள்ளைக்கு ஒரு தொகை, அதற்கு மேல் வருவது மற்றப் பிள்ளைகளின் படிப்பு நிதிக்கு.

ஆனால் ஏலம் போன எருதுகள் பெரும்பாலும் கறிக்குத்தான் போகும். அந்தப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். கயிற்றை மாற்றிக் கொடுக்கும்போது அழுத ஒரு பையனைப் பார்த்தேன். எனக்கும் தாங்கவில்லை.

சாயங்காலம் அரங்கத்தில் போட்டிகள். காளை மேல் எட்டு விநாடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கையால்தான் பிடிக்கலாம், மற்றக் கை காளையையோ தன் உடம்பையோ தொட்டாலே போயிற்று. எனக்குப் பிடித்தது மதிப்பெண் போடுகிற விதம்: நூறில் ஐம்பது ஆளுக்கு, ஐம்பது காளைக்கு. காளை நன்றாகத் துள்ளினால் அதன் பெயரையும் சொல்லிக் கைதட்டுகிறார்கள். ஓடுகிற கன்றைக் குதிரையிலிருந்து சுருக்குப் போட்டு இழுத்துக் கட்டுகிற போட்டி ஒன்று உண்டு. கன்று கழுத்து சுண்டி விழும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது வேண்டாத விளையாட்டு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்குத் தலைக்கவசம் மாட்டிச் செம்மறி ஆட்டின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். அம்மா பார்த்தால் மயங்கியே விழுந்திருப்பாள்.

எல்லாவற்றிலும் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டது கன்று பிடிப்பதைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு கூட்டமாக அரங்கத்தில் விட்டு, அதில் பாதி எண்ணிக்கைக்குக் கன்றுகளையும் விடுகிறார்கள். துரத்திப் பிடித்து, தலைக்கயிறு மாட்டி, நடுவில் போட்ட கட்டத்துக்குள் இழுத்து வர வேண்டும். பிடித்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு கிடாரியோ எருதுக் கன்றோ வாங்கப் பணம் கிடைக்கும். ஒரு வருஷம் வளர்த்து மறுவருஷம் இங்கே கொண்டுவந்து காட்ட வேண்டும். தீனி என்ன, எடை என்ன என்று பணம் கொடுத்தவருக்கு மாதாமாதம் எழுத வேண்டும். 1942 முதல் நடக்கிறது. கன்றைக் கட்டத்துக்குள் தள்ளிவிட்டுச் சேறும் மண்ணுமாக எழுந்து நின்ற ஒரு பிள்ளையின் பெற்றோர் எனக்கு முன்வரிசையில்தான் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? "படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவே" என்று தம்பி அவன் மகனைத் திட்டுகிறான். அந்தப் பையன் கன்றுக்குட்டியோடுதான் சந்தோஷமாக இருக்கிறான் என்று நீங்களே சொன்னீர்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு மாடும் பிடித்திருக்கட்டும், படிப்பும் வரட்டும். ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று யார் சொன்னது? இங்கே மாடு வளர்த்த பிள்ளைகளுக்குத்தான் கல்லூரிக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

சித்திரையில் கண்ணபுரம் தேர்ச்சந்தைக்கு அவனையும் கூட்டிப்போங்கள் அப்பா. பல் பார்க்கவும் சுழி பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். காரியின் கயிறு அவன் கையில் இருக்கட்டும். தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன். புண்ணாக்குக்கும் பருத்திக்கொட்டைக்கும் தனியாகப் பணம் போட்டிருக்கிறேன், வீட்டுச் செலவில் சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்